ஆட்டோவில் வந்த காளாஞ்சி

அன்புள்ள முரளி,

இந்தக் கடிதத்தை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுவாய். கொச்சியில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நீ, தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். ஒரு வரியில் கோபம் வந்தாலும் அடுத்த வரியைக் கூட்டி முடிப்பதற்குள் பாதி தணிந்திருக்கும். அந்த தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தீபா நன்றாகத் தமிழ் வாசிப்பாள் என்று தெரியும். அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. முதலில் நீயே வாசி. பிறகு அவளுக்கும் காட்டத்தான் வேண்டியிருக்கும், ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

உங்கள் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து போனார்கள். நான் சொன்ன நிறம் ஒன்று, உன் அம்மா சொன்ன நிறம் ஒன்று, அவர்கள் அடித்துவிட்டுப் போனது மூன்றாவது ஒன்று. அடிப்பதற்கு முன்னால் சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றிக் கட்டிலில் போட்டோம். அதில் நீ பெங்களூரில் சட்டம் போட்டு அனுப்பிய அந்தப் படமும் இருந்தது. கல்வத்திப் படித்துறையில் நான் ஒரு கையில் தூண்டில் கம்பும் மறு கையில் என் தொடை நீளத்துக்கு ஒரு காளாஞ்சியுமாக நிற்கும் படம். தமிழ்நாட்டில் கொடுவா என்பார்களே, அதே மீன்தான். ‘அப்பாவின் முதல் மீன்’ என்று கீழே மலையாளத்தில் எழுதியிருந்தாய். ஒன்றரை வருஷமாக நம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று வாயைப் பிளந்துவிட்டுத்தான் சாயா குடித்தார்கள்.

முரளி, அந்த மீனை நான் பிடிக்கவில்லை. தோப்பும்படி ஹார்பரில் வாங்கினேன். அங்கேயிருந்து கல்வத்திக்கு ஆட்டோவில் கொண்டுவந்தேன்.

எழுதிவிட்டேன். இனி மெதுவாக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

கார்ப்பரேஷனில் தெருவிளக்கு லைன்மேனாக முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறி இறங்கியவன் நான். ஓய்வு பெற்ற மாதமே வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். அடுக்களையிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுக்களை. உன் அம்மா போனில் உன்னிடம் புலம்பியிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் நீ அந்தப் பார்சலை அனுப்பினாய். ஒரு கம்பு, ஒரு ரீல், பாக்கெட் பாக்கெட்டாக ரப்பர் மீன்களும் ரப்பர் புழுக்களும். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண், தன் அம்மா இந்த மாதிரிதான் வைத்துப் பிடிப்பார் என்று சொல்லித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள் என்றாய். அந்த ‘ஒரு பெண்’ யார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. உன் குரலில் இருந்த குழைவை உன் அம்மா மட்டும் கவனித்திருக்கிறாள்.

பாக்கெட்டைப் பிரித்தால் சோம்பு வாசனை. “ஜெல்லி மிட்டாயா அனுப்பியிருக்கான்?” என்று உன் அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தே பார்த்துவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. விரல் நீளத்தில் முத்து நிறத்தில் சின்ன மீன்கள், வாலில் கட்டைவிரல் நகம் மாதிரி ஒரு தட்டு, பிடித்து ஆட்டினால் உயிருள்ளது போல நெளியும். ஊதா நிறத்தில் மினுக்குத்தூள் கலந்த புழுக்கள். எனக்கு மீன் தின்னத் தெரியும். பிடிக்கத் தெரியாது. கொச்சியிலேயே பிறந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அறுபது வயசு ஆகியும், ஒரு மீனைக்கூடக் கரையேற்றாத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? தூண்டில் நரம்பை முள்ளில் முடிச்சுப் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. மின்கம்பியை எப்படி முறுக்கி இணைப்போமோ அப்படி முறுக்கி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பையும் சுற்றிவிட்டேன். கல்வத்திப் படித்துறையில் நின்று கையை ஓங்கி வீசினேன். ரப்பர் மீன் அற்புதமாகப் பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. நரம்பு மட்டும் என் காலடியிலேயே கிடந்தது. பக்கத்தில் சீனவலை இழுத்துக்கொண்டிருந்த நாலு பேரும் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். “சேட்டா, அது திரிச்சு வருமோ?” என்று ஒருவர் கேட்டார். அது திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டேன். ஆனால் முள்ளைக் கோர்ப்பது கைவரவே இல்லை. நடுவயிற்றில் குத்தினேன், வாலில் குத்தினேன். குத்திய மீன் கூன் விழுந்த மாதிரி வளைந்து நிற்கும். அதைத் தண்ணீரில் இழுத்தால் பம்பரமாகச் சுற்றும், சுற்றிச் சுற்றி நரம்பு முழுவதும் முறுக்கேறி, கரைக்கு வரும்போது இடியாப்பம் மாதிரி இருக்கும். முள் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கட்டுப் பாசியும் பழைய வலைத்துண்டும் வந்தன. ஒரு தடவை ஒரு செருப்பு. நல்ல செருப்புதான், இடது கால்.

நீ தினமும் சாயங்காலம் போன் செய்தாய். எடுத்ததும் முதல் கேள்வி, “அப்பா, கெடைச்சுதா?” நான் இல்லை என்பேன். “சாரமில்ல, பரவால்லப்பா, நாளைக்குக் கெடைக்கும்” என்பாய். முதல் வாரம் அதைச் சொல்லும்போது சிரித்தாய். மூன்றாவது வாரம் சிரிக்கவில்லை. ஐந்தாவது வாரம், “நான் அனுப்பினது சரியில்லையோப்பா?” என்று கேட்டாய். அந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. தப்பு என் கையில் இருக்கிறது, நீ உன் பரிசில் தப்பைத் தேடுகிறாய். நாளைக்கு எப்படியும் இவனுக்கு ‘கிடைத்தது’ என்று சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

மறுநாள் விடிந்ததும் தோப்பும்படி. ஹார்பரில் படகுகள் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. காளாஞ்சி ஒன்றைக் காட்டி, பெரியதாக வேண்டும் என்றேன். பையில் போட்டு, கம்பையும் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். ஆட்டோக்காரர் கம்பையும் பார்த்தார், பையையும் பார்த்தார், கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனிதர். கல்வத்தியில் சீனவலைக்காரர்கள் கண்ணில் படாத ஓரமாகப் போய், ரப்பர் மீன் ஒன்றை அதன் வாயில் சொருகி, அந்தப் பக்கமாக வந்த ஒரு வெளிநாட்டு அம்மாளிடம் என் போனைக் கொடுத்தேன். அவர் நாலு படம் எடுத்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் உனக்கு அனுப்பிவிட்டேன். நீ உடனே போன் செய்து கத்தினாய் பார், அந்தச் சத்தத்தில் கூச்சமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

உன் அம்மாவை ஏமாற்ற முடியவில்லை. குழம்பு வைத்துத் தட்டில் ஊற்றினாள். நான் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, “ஏங்க, நீங்க பிடிச்ச காளாஞ்சி ஐஸ் பெட்டிக்குள்ளயா நீந்திட்டு இருந்துச்சு?” என்று கேட்டாள். நான் தட்டில் முள்ளைத் தேடினேன். “சரி, சாப்பிடுங்க. பையன் சந்தோஷமா இருக்கான்” என்று இன்னொரு துண்டு போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. படத்தைச் சுவரில் மாட்டியதும் அவள்தான்.

பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். நீ படத்தை தீபாவிடம் காட்டினாய், தீபா தன் அம்மாவுக்கு அனுப்பினாள். ஆறு மாதம் கழித்து, தீபாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று வந்து சொன்னாய். பள்ளுருத்தியில் இருக்கும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பம், அப்பா இல்லை, அம்மா வசந்தா படகுத்துறையில் டிக்கெட் கவுண்டரில் வேலை என்றாய். அவர்கள் இருவரும் நம் வீட்டுக்கு வந்த அன்று, சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றி உள்ளே வந்ததும் நேராகப் போய் நின்றது அந்தப் படத்தின் முன்னால்தான். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, இது ரப்பர்ல எடுத்ததா?”

“ஆமா, ரப்பர்தான்.”

“எந்த ரிக்?”

கொக்கி, குண்டு, ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் முறைக்குத்தான் அப்படிப் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? “ரிக்‌ஷாவா? இல்லம்மா, ஆட்டோலதான் கொண்டுவந்தேன்” என்றேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்பா எப்பவும் இப்படித்தான் தமாஷ் பண்ணுவார் என்று தீபாவிடம் சொன்னாய். உன் அம்மா அடுக்களைக்குள் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. சம்பந்தியம்மா மட்டும் சிரிக்காமல், “ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பள்ளுருத்திக்கு வாங்க, வள்ளம் இருக்கு. ஒண்ணா போலாம்” என்றார். அன்றைக்கே, அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில், நீ என்னிடம் தீபாவின் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். வளைகுடாவில் வேலை என்று வருஷக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே கோயம்புத்தூரில் இன்னொரு குடும்பம் நடத்தியவர். “அவங்கம்மாவுக்கு எதுவும் பிரச்சினை இல்லப்பா. ஜாதகம் வேண்டாம், நகை வேண்டாம். பொய் சொல்றவங்களை மட்டும் ஆகாது” என்றாய். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். செருப்புக்குள் கல் புகுந்துவிட்டது என்று உன்னிடம் எதையோ உளறினேன், நினைவிருக்கிறதா?

எப்படியாவது ஒரு மீனை நிஜமாகவே பிடித்துவிட்டால் பழைய பொய் தானாக அழிந்துவிடும் என்று எண்ணினேன். ஏதேதோ சாக்குச் சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு, அந்த நினைப்போடுதான் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்திக்குப் போனேன். சம்பந்தியம்மா சுரிதாருக்கு மேலே ஒரு பழைய ஆண்கள் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் கவுண்டரில் இருந்தபடியே எந்தத் தூணடியில் எப்போது மீன் புரளுகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, பிறகு தானாகவே கற்றுக்கொண்டாராம். “உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன்” என்று ஆரம்பித்து, ஒன்றுமே தெரியாதவனுக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னார்.

அதை உனக்கும் எழுதி வைக்கிறேன், நீ வரும்போது உதவும். முதலில் தோட்டா மாதிரி ஒரு சின்ன ஈயக்குண்டை நரம்பில் கோர்க்க வேண்டும். பிறகு முள். கழுத்தில் ஒரு மடிப்பு உள்ள முள்ளாக இருக்க வேண்டும். ரப்பர் மீனின் மூக்கு நுனியில் ஒரு நெல்மணி நீளத்துக்கு உள்ளே குத்தி, தாடை வழியாக வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, மூக்கு அந்த மடிப்பில் வந்து உட்காரும்வரை இழுக்க வேண்டும். அப்புறம் அவசரப்படக் கூடாது. முள்ளை மீனின் உடம்போடு பக்கவாட்டில் வைத்து, வளைவு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து, நகத்தால் ஓர் அடையாளம் வைத்து, அங்கே வயிற்றிலிருந்து முதுகுக்கு நேராக ஏற்ற வேண்டும். நுனியை வெளியே விடாமல் முதுகுத் தோலுக்கடியில் மட்டும் ஒளித்து வைக்க வேண்டும். அப்போது பாசியில் மாட்டாது, மீன் கடிக்கும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். எல்லாம் முடிந்ததும் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் உடம்பு நேராக, ஒரு கோடு போலத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் கழற்றி மறுபடி முதலிலிருந்து. நான் ஏழு தடவை கழற்றினேன். அவர் ஒரு தடவைகூட என் கையிலிருந்து வாங்கவில்லை.

எறியும் நேரம் வந்ததும் கம்பைப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டை மெதுவாகத் தட்டி, “அண்ணே, இந்த ரீலு கம்புக்குக் கீழ தொங்கணும்” என்றார். நான் அத்தனை நாளும் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். உனக்கு அனுப்பிய படத்திலும் அப்படித்தான் இருக்கிறது, போய்ப் பார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு சின்னச் செம்பல்லி. எனக்குத் திரும்பத் திரும்ப ஒரே திட்டு: “வேகம் வேகமா சுத்துறீங்க. மதி, போதும், நிறுத்துங்க. அது கீழ இறங்கும்போதுதான் காளாஞ்சி எடுக்கும். ரெண்டு சுத்து, அப்புறம் சும்மா விடுங்க.” சும்மா விடுவதுதான் எனக்கு வரவில்லை. கையில் ஒரு கைப்பிடி இருந்தால் சுற்றாமல் இருக்க என்னால் ஆகாது. வள்ளத்தில் இருந்த நாலு மணி நேரத்தில் நாலு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நாலு தடவையும் வேறு எதையாவது கேட்டு முடித்தேன். ஒரு தடவை, படகுத்துறையில் சாயா நன்றாக இருக்குமா என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிறுதான், போன வாரம், நடந்தது நடந்தது. காயலில் நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. கண்டல் செடிகளின் வேர்களுக்குப் பக்கத்தில் வள்ளத்தை நிறுத்தியிருந்தோம். வெயில் அப்போதுதான் இலைகள் மேல் ஏறியிருந்தது. நான் கோர்த்த முத்து நிற மீன் முதல் தடவையிலேயே நேராகத் தொங்கியது. வேர்களை ஒட்டி எறிந்தேன், நல்ல இடத்தில் விழுந்தது. சம்பந்தியம்மா கல்யாணச் சாப்பாட்டில் என்ன பாயசம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், “தீபா போன் பண்ணும்போதெல்லாம் உங்களைப் பத்தித்தான் அண்ணே. மாமா ரொம்ப நேரானவருன்னு முரளி சொன்னாராம்” என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “சம்பந்தியம்மா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

கை தானாக நின்றுவிட்டது. சுற்றுவதையும் சொல்வதையும் ஒரே நேரத்தில் செய்ய எனக்குத் தெம்பில்லை. “அந்தப் போட்டோ... அந்த மீனை நான் பிடிக்கல. தோப்பும்படியில வாங்கி—”

கம்பு கையைவிட்டுப் போகப் பார்த்தது. தண்ணீருக்கடியில் யாரோ நரம்பைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டியது போல இருந்தது. நான் பேசுவதற்காகக் கையை நிறுத்தியிருந்த அந்த நேரத்தில் ரப்பர் மீன் தன் பாட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அவர் ஒரு மாதமாகச் சொன்னாலும் நான் செய்திருக்க மாட்டேன்.

“எடுத்திருச்சு! இழுங்க அண்ணே, இழுங்க!”

“நான் சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு! கம்பைப் பிடிங்க முதல்ல!”

முரளி, அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. முழு உடம்பும் வெளியே. வெள்ளித்தட்டுப் போல வெயிலில் ஒரு மின்னல், வாயைத் திறந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறியது. “தாழ்த்துங்க! அது சாடும்போது கம்பைத் தாழ்த்துங்க!” என்று அவர் கத்தினார். தாழ்த்தினேன். வேர்ப்பக்கம் ஓடப் பார்த்தது, விடாமல் பிடித்தேன். ரீல் கத்தியது, நரம்பு ஓடி என் ஆள்காட்டி விரலை அறுத்தது, அது அப்போது தெரியவே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் களைத்து வள்ளத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டது. படத்தில் இருக்கிற மீனைவிடச் சின்னது, பாதிதான் இருக்கும். ஆனால் உயிரோடு இருந்தது. அதன் கண்ணைப் பார்த்தேன், தணல் மாதிரி ஒரு சிவப்பு. சம்பந்தியம்மா வலைக்கரண்டியை நீட்டினார். அது கடைசியாக ஒரு தடவை எம்பிச் சாடியது. காளாஞ்சியின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும். நரம்பு அதில் பட்டு, டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். தண்ணீரில் ஒரு சுழிப்பு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

சம்பந்தியம்மா வெறும் வலைக்கரண்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். வள்ளம் ஆடும் அளவுக்குச் சிரித்தார். பொய் மீனுக்குப் படம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சுவரில் ஆணி இருக்கிறது. நிஜ மீனுக்கு ஒரு செதில்கூட இல்லை. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வருகிற மாதிரி இருந்தது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“எனக்கு போட்டோ பாத்த அன்னிக்கே தெரியும் அண்ணே. கழுத்தைச் சுத்தி வலைக்கண்ணு பதிஞ்ச கோடு இருந்துச்சு. கண்ணு ஐஸ்ல கிடந்து வெளுத்திருந்துச்சு. ரீலு மேல நின்னுச்சு.”

“பின்னே எப்பிடி கல்யாணத்துக்குச் சம்மதிச்சீங்க?”

“தீபா உங்க மகனைத்தானே கட்டுறா, உங்களை இல்லியே?”

அவர் அறுந்த நரம்பைச் சுற்றிக்கொண்டே மறுபடி பேசினார். “நீங்களா சொல்லலேன்னாலும் கல்யாணம் நடந்திருக்கும். நானும் நல்லா சிரிச்சுப் பேசியிருப்பேன். ஆனா உங்களை ஒருநாளும் நம்பியிருக்க மாட்டேன். இப்ப நம்புவேன்.” பிறகு ரப்பர் மீன் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். “ஒண்ணு கோருங்க. இன்னும் தண்ணி முழுசா இறங்கல. அப்புறம், முரளிகிட்ட நீங்களே சொல்லணும். கல்யாணத்துக்கு முந்தி.”

அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் அது மட்டும் என்றால் போனிலேயே சொல்லிச் சிரித்து முடித்திருப்பேன். இன்னொன்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பத்திரிகை வைக்க போர்ட் கொச்சிக்குப் போனேன். பரேடு மைதானத்தைக் கடந்துதான் போக வேண்டும். பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே கால் நின்றுவிட்டது. நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூட அணியில் உன்னை எடுத்துவிட்டதாகச் சொன்னாய். சனிக்கிழமைதோறும் பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாய். ஒருநாள் உனக்குத் தெரியாமல் உன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று, கையில் சூடான பழம்பொரியோடு வந்தேன். நீ கோட்டுக்கு வெளியே, பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாய். நான் என்ன செய்தேன் என்பது உனக்கு மறந்திருக்காது. எல்லாரும் பார்க்க அந்த பூட்ஸைக் கழற்றச் சொல்லி, பொய் சொல்கிற காலுக்கு பூட்ஸ் எதற்கு என்று கத்தி, மட்டாஞ்சேரி வரை உன்னை வெறுங்காலோடு நடக்கவிட்டேன். தார் ரோடு, உச்சி வெயில். பழம்பொரியை வழியில் யாருக்கோ கொடுத்தேன். அதற்குப் பிறகு நீ பந்தைத் தொட்டதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பிள்ளையைத் திருத்திவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

நீ ஏன் அந்தப் பொய்யைச் சொன்னாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மைதானத்து ஓரத்தில் நின்றபோதுதான் பதில் தெரிந்தது. அந்த வருஷம் முழுவதும், வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே நான் கேட்ட முதல் கேள்வி, “டீம்ல எடுத்தாங்களா?” ஒவ்வொரு நாளும். உன் பதிலுக்குப் பிறகு என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அறுபது வயசில் ஐந்து வாரம் தாங்க முடியாத கேள்வியை, பதினாலு வயசில் நீ எத்தனை மாதம் தாங்கியிருக்கிறாய். நான் சொன்ன பொய்யைக் கண்டுபிடித்தவர் எனக்கு இன்னொரு ரப்பர் மீனை எடுத்துக் கொடுத்தார். நீ சொன்ன பொய்யைக் கண்டுபிடித்த நான் உன் பூட்ஸைக் கழற்றினேன். என்னை மன்னித்துவிடு, முரளி. இதை அன்றைக்கு வீட்டுக்கு வந்ததுமே, உன் காலுக்கு உன் அம்மா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல இத்தனை வருஷம் ஆனதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். மீன்பிடிப்பையும் குடும்பத்தையும் ஒப்பிட்டு நீட்டமாக ஏதாவது எழுதலாமா என்று யோசித்தேன். உன் அம்மா வந்து எட்டிப் பார்த்து, “மீனுக்குத் தெரிஞ்ச புத்தியை மீன்கிட்டயே விடுங்க” என்றாள். சரிதான். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். தீபாவிடம் எதைக் கேட்டாலும், ‘இல்லை’ என்று அவள் பயமில்லாமல் சொல்கிற மாதிரி கேள். வேலை கிடைத்ததா, முடித்தாயா, சரியாகிவிட்டதா என்று ஆசையாகக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவள் இல்லை என்றதும் உன் முகம் விழக் கூடாது. விழுந்தால் ஒருநாள் அவள் உனக்காக ஹார்பருக்குப் போய் வாங்கி வருவாள். அதை நீ சட்டம் போட்டு மாட்டுவாய். நாளைக்கு உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களிடமும் அப்படியே.

காளாஞ்சி தப்பிய அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் எம்பியதை நான் நடித்துக் காட்டியபோது அவள் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து அறுந்த இடத்தைப் பார்த்தாள், மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். “எவ்வளவு பெருசு?” என்று கேட்டாள். கையால் காட்டினேன். “சரி” என்றாள். ஒரு வார்த்தை கூட்டிக் கேட்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமான முப்பத்திமூன்று வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்து ‘சரி’ என்று சொன்னதில்லை போல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் வள்ளத்தில் வருகிறாளாம். இப்போதே ஒரு ரப்பர் புழுவை வைத்துக் கோர்த்துப் பழகுகிறாள். தையல் தெரிந்த கை. மூன்றாவது தடவையே நேராக வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிகிறது.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருவதாகச் சொன்னாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். கோபம் வந்தால் வரட்டும், எனக்கு அது வேண்டியதுதான். கோபம் தீர்ந்ததும் போன் பண்ணு. தீராவிட்டாலும் பண்ணு.

உன் அப்பா
மட்டாஞ்சேரி